யார்டு வாசலில் பாயம்மாவின் குளம்

தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு மனிதர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் இருக்க வாய்ப்பில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையாவது மூடவோ, மறைக்கவோ, தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவோ வருகிறவர்கள். பட்டா, வாரிசு, இறப்பு என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதித் தருகிறேன். 'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று எழுதி எழுதி, பணிவு என்ற சொல்லே எனக்கு வெறுத்துவிட்டது. அப்படிப்பட்ட கடைக்கு ரஹீமுன்னிசா வந்து, தன் சொந்த நிலத்தில் ஒரு சின்னக் குளம் தோண்ட வேண்டும், அதற்கு அனுமதி வாங்க மனு எழுதித் தா என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. புர்காவின் கீழ் ஓரம் சேறாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு சிரிக்கற ஃப்ளோரன்சு? கொளம்னா இன்னான்னு தெரியாதா?"

"தெரியும் பாயம்மா. மய வந்தா உங்க மாத்தூர் பக்கம் எல்லா வூடும் கொளந்தான். அதுக்கு எதுக்கு அப்ரூவலு?"

"அது வந்துட்டுப் போற தண்ணி. நான் கேக்கறது நிக்கற தண்ணி. சொம்மா தோண்டுனா நாளைக்கே ஒருத்தன் வந்து மூடிடுவான். கவர்மெண்டு கையெழுத்துப் போட்ட பள்ளத்த எவன் வந்து மூடுவான்?"

"யாரு மூடப் போறாங்க?"

"லோகநாதன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. கண்டெய்னர் லாரி வைத்திருக்கிற எவனையும் எனக்குப் பிடிக்காது. ராயபுரத்தில் என் தம்பியின் கால் மேல் ஏறி நசுக்கியது ஒரு கண்டெய்னர் லாரிதான். அதனால் இந்தக் கதையை நான் நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ரஹீமுன்னிசா தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா யானைக்கவுனியில் மூட்டை தூக்கினார். கட்டிக்கொடுத்தது சௌக்கத் அலிக்கு. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற வேலை அவருக்கு. கல்யாணமான புதிதிலிருந்தே பாயம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார். தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் அடிப்பார்கள் அல்லவா, அதைச் சுத்தியலால் அடித்து அடித்து அவருடைய இடது கட்டைவிரல் தட்டையாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கெல்லாம் தைத்துத் தைத்துச் சேர்த்துத்தான் மாத்தூரைத் தாண்டி ஒரு ஓரத்தில் நிலம் வாங்கினார்கள். அப்போது அங்கே கோரைப்புல்லும் தவளையும்தான். வீடு பின்னால், வெற்றிடம் முன்னால், ரோட்டை ஒட்டி.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவது என்றால் முதல் வேலை, பக்கத்து வீட்டைவிட ஒரு அடி உயரமாக மண் கொட்டுவது. அடுத்து வருகிறவன் அதைவிட ஒரு அடி கொட்டுவான். பிறகு ரோடு போடுகிறவன் எல்லார் வாசலுக்கும் மேலே போட்டுவிட்டுப் போவான். கடைசியாகக் கொட்டினவன் மழைக்காலத்தில் போர்த்திக்கொண்டு தூங்கலாம். முதலில் கொட்டினவன் கட்டில் மேல் கட்டில் போட்டு ஏறி உட்கார வேண்டும். சௌக்கத் அலி முதலில் கொட்டினவர்.

லோகநாதன் கடைசியில் வந்தவன். அவனுடைய ஆரம்பம் ஒரு டிராக்டர். இடித்த வீட்டின் கட்டட இடிபாடுகளை அள்ளிப் போகக் காசு வாங்குவான். அதைக் கொண்டுபோய் யாருடைய பள்ளத்திலாவது கொட்டுவான். பள்ளம் மேடானதும், அந்த நிலத்துக்காரன் அலுத்துப்போய் விற்கும் விலைக்கு அவனே வாங்குவான். மின்நிலையத்துச் சாம்பல், உடைந்த கக்கூஸ் பீங்கான், பழைய தார் என்று கொட்டிக் கொட்டி, பாயம்மா வீட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு மேடு எழுப்பி, சுற்றிலும் சுவர் கட்டி, காலிக் கண்டெய்னர் அடுக்குகிற யார்டு ஆக்கிவிட்டான். மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வழி அந்த மேட்டுக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருத் தண்ணீர் முழுவதும், யார்டு கழுவின எண்ணெய்த் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, பாயம்மா வீட்டுக்குள் வந்தது.

அவன் பார்வை முன்னால் இருந்த வெற்றிடத்தின் மேல். யார்டு கேட்டுக்கு வரும் சந்து குறுகல். சின்ன லாரி நுழையும். நாற்பதடி டிரெய்லர் நுழைய வேண்டுமென்றால் பாயம்மாவின் நிலத்தில் சக்கரம் ஏற்றித்தான் திரும்ப வேண்டும். விற்றுவிடுங்கள் என்று கேட்டான், ஆள் அனுப்பினான், பிறகு தண்ணீரை அனுப்பினான். சௌக்கத் அலி மறுத்துவிட்டார்.

சௌக்கத் அலி இறந்தது ஒரு டிசம்பர் புயலில். மாரடைப்பு. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டி மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, சந்தூக்கில் வைத்துவிட்டார்கள். சந்தூக்கு என்றால் இறந்தவரைத் தூக்கிப்போகும் பெட்டி. அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்குப் போக மெயின் ரோட்டை அடைய வேண்டும். யார்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன் பின்பக்கத்தில், வண்டி நுழையாத சின்னக் கேட்டு ஒன்று மெயின் ரோட்டில்தான் திறக்கிறது. ஜமாத் ஆட்கள் போய்க் கேட்டைத் தட்டினார்கள். லோகநாதனே குடை பிடித்துக்கொண்டு வந்தான்.

"உள்ள சரக்கு கீது பாய். இன்சூரன்சுல ஒத்துக்க மாட்டான். வெளியாளு வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினான்.

தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீரில் நடந்தார்கள். பாதி வழியில் ஒருவர் சாக்கடைப் பள்ளத்தில் கால் வைத்துவிட்டார். சந்தூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் கஃபன் துணியின் ஓரம் தண்ணீரில் பட்டுக் கறுத்துவிட்டது. மொட்டைமாடியிலிருந்து பாயம்மா அதைப் பார்த்தார்.

இதைவிட மோசமான ஒன்று அதற்கப்புறம் நடந்தது. சந்தூக்கின் முன்பக்க மூலையைத் தாங்கியிருந்தது அவர்களின் ஒரே மகன் காலித். மணலியில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்து இவனை அனுப்பிவிட்டார்கள். பாயம்மா இத்தாவில் இருந்தார், அதாவது புருஷனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற காலம். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் காலித் கழுத்தில் ஐடி கார்டு தொங்க வீட்டுக்கு வந்தான். லோகநாதன் யார்டில் சூப்பர்வைசர் வேலை. அவனாகவே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான்.

"வயிறுன்னு ஒண்ணு கீதே அம்மா," என்றானாம்.

பாயம்மா அவனுக்குச் சோறு போட்டார். இத்தா முடிகிற வரைக்கும் ஜன்னலில் உட்கார்ந்து யார்டு சுவரையும், முன்னால் கிடக்கும் தன் நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே காலெடுத்து வைத்ததும் முதலில் வந்த இடம் என் கடை.

மனுவில் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் என்று கேட்டேன்.

"அவன் வண்டி திரும்பக் கூடாது. என் தலைமுற, அவன் தலைமுற, எப்பவும் அந்த எடத்துல தண்ணி நிக்கணும்."

"அத்த அப்படியே எழுத முடியாது பாயம்மா."

"ஏன், நெசந்தானே?"

நிசத்தை எழுதினால் எந்த மனுவும் நகராது என்பது என் தொழில் அனுபவம். மழைநீரைச் சேமிக்க, உப்பாகிப்போன நிலத்தடி நீரைக் காக்க, பறவைகளுக்குப் புகலிடம் தர என்று எழுதினேன். இப்போது அரசாங்கத்துக்குப் பறவைகள் மேல் பாசம் வந்திருக்கிறது.

"பறவ இன்னாத்துக்கு?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"கொக்கு வரும்னு எழுதுனா ஆபீசருங்களுக்குப் புடிக்கும்."

"வரலன்னா?"

"யாரு வந்து எண்ணப் போறாங்க."

கடைசியில் ஒரு நிபந்தனையையும் நானே சேர்த்தேன். இந்தக் குளத்தை வருவாய்க் கணக்கில் நீர்நிலை என்று பதிய வேண்டும், இதை விற்கவோ மூடவோ வேறு எதற்கும் மாற்றவோ இனி யாருக்கும் உரிமை இல்லை. படித்துக் காட்டினேன். தட்டைக் கட்டைவிரலை மசியில் அழுத்திக் கைநாட்டு வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. இந்த ஆபீசில் அந்த ஆபீஸ் என்றார்கள். அந்த ஆபீசில் நீர்வளம் பார்க்கிறவர்களைக் கேள் என்றார்கள். அவர்கள் மாநகராட்சி என்றார்கள். மாநகராட்சியில் கொசு வரும், சுகாதாரப் பிரிவில் கேள் என்றார்கள். தெருவே மாதக்கணக்கில் சாக்கடையில் மிதந்தபோது வராத கொசு, பாயம்மா தோண்டப்போகும் குளத்தில்தான் வந்து பிறக்கப் போகிறதாம். ஒரு கிளார்க் உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார். மேடாக்கத்தான் இங்கே வருவார்கள், பள்ளமாக்க யாரும் வந்ததில்லை, அதற்கு எந்த ஃபாரம் கொடுப்பது என்றே தெரியவில்லை என்று.

திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் கூட்டம். பாயம்மா ஒன்றையும் விடவில்லை. வரிசையில் நின்று மனு கொடுத்துவிட்டு, என் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். சர்வேயர் தண்டபாணி ஒருமுறை நிலத்தை அளக்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பக்கத்து நிலத்துக்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிவாருங்கள், இல்லாவிட்டால் ஃபைல் நகராது என்று கையைப் பிசைந்தார். பக்கத்து நிலத்துக்காரன் யார்? லோகநாதன். என் சுவர் சரிந்துவிடும் என்று அவன் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டான். ஃபைல் அலமாரிக்குப் போயிற்று.

"விட்டுடலாம் பாயம்மா," என்றேன் நான்.

"எனக்கு அவசரம் இல்ல ஃப்ளோரன்சு. கோவம் இன்னா பாலா, கெட்டுப் போறதுக்கு?"

அந்தக் கோடையில் லோகநாதனின் யார்டு இறங்க ஆரம்பித்தது. சாம்பலும் பீங்கானும் கொட்டின இடத்தில் கண்டெய்னரை ஐந்தடுக்கு ஏற்றினால் என்ன ஆகும்? ஒரு மூலை உள்வாங்கி, ஓர் அடுக்கு சாய்ந்து சுவரைத் தொட்டது. நல்ல களிமண் கொட்டிக் கெட்டிப்படுத்தினால்தான் நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பள்ளம் நிரப்புகிற சவுடு மண்ணுக்கு இருக்கிற கிராக்கி தங்கத்துக்கு இல்லை. எல்லாரும் கொட்டுகிறார்கள், தோண்ட இடம் எங்கே இருக்கிறது? அப்போதுதான் காலித் தன் முதலாளியிடம் போய், எங்கள் அம்மா குளம் தோண்டினால் அந்த மண் முழுவதும் நமக்குத்தானே என்று சொல்லியிருக்கிறான். முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்கிற ஆசை.

லோகநாதன் கணக்குப் போட்டான். மண் இலவசம். தோண்டின பிறகு பாயம்மாவின் கையில் இருப்பது ஒரு குழி. குழியை வைத்துக்கொண்டு கிழவி என்ன செய்வாள், சல்லிசாக விற்பாள். வாங்கினதும் அதில் இடிபாட்டைக் கொட்டி மூட வேண்டும், அதற்கும் கொட்டுகிறவனிடம் காசு வாங்கலாம். பள்ளத்தை மூடியே பிழைத்தவனுக்கு, மூட முடியாத பள்ளம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

காலித்தையும் பாயம்மாவையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கே வந்தான். கழுத்தில் செயின், கையில் இரண்டு போன்.

"பாயம்மா, பழசெல்லாம் மன்சுல வெச்சிக்காத. நீ கொளம் தோண்டணும், அவ்ளோதானே? நானே தோண்டித் தரேன். ஆட்சேபண இல்லன்னு இப்பவே எழுதித் தரேன். மண்ணு மட்டும் என்னுது."

பாயம்மா என்னைப் பார்த்தார். மண்ணைக் காசுக்கு விற்கக் கூடாது என்றுதான் விதி. சும்மா கொடுப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் தலையசைத்தேன். ஆனாலும் என் தொழில் தர்மத்துக்காக அந்தக் கடைசி நிபந்தனையை அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீர்நிலை, பதிவு, மூடுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை, எல்லாம். அவன் ஒரு காதில் போனை வைத்து ஜேசிபி வாடகையைப் பேசிக்கொண்டே கேட்டான்.

"எழுதிக்கோம்மா. பேப்பர்தானே," என்று சிரித்தான்.

காலித்தும் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஃபைல் பறந்தது. எந்த மேஜையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று லோகநாதனுக்குத் தெரியும். பாயம்மா எத்தனையோ திங்கட்கிழமை நின்று வாங்க முடியாத கையெழுத்தெல்லாம் அவன் ஒரு வாரத்தில் வாங்கிவிட்டான். தண்டபாணியே வியர்க்க விறுவிறுக்க அனுமதியைக் கொண்டுவந்து கொடுத்தார். எதிரியின் காலில் ஓடி வந்த அனுமதி. அதன் கடைசி வரியில் நான் எழுதின நிபந்தனை அப்படியே இருந்தது.

"நீங்க இத முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தீங்களா பாயம்மா?"

"இல்ல. நான் நாயா அலஞ்சு வாங்கலாம்னுதான் இருந்தேன். அவனே வந்து குனிஞ்சான்."

ஜேசிபி வந்தது. பாயம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மேலே கட்டாந்தரை, கீழே கறுப்புக் களி, அதற்கும் கீழே மட்டிச் சிப்பி படிந்த ஒரு வரி. ஒரு காலத்தில் எண்ணூர் உப்பங்கழி இதுவரைக்கும் கை நீட்டியிருக்க வேண்டும். தண்ணீர் தானாகவே ஊறிக்கொண்டு வந்தது. டிரைவர் நிறுத்தப் பார்க்கும்போதெல்லாம் பாயம்மா அன்பாகப் பேசினார்.

"இன்னும் கொஞ்சம் ரோட்டு ஓரமா வெட்டு நைனா. அங்கதான் நல்ல களி கீது."

டிரெய்லர் திரும்ப வேண்டிய மூலை அது. லோகநாதன் சுவர் மேல் நின்று, வெட்டு வெட்டு என்று கை காட்டினான்.

பெரிய இடத்திலிருந்து சொல்லி நகர்ந்த ஃபைல் என்பதால், பெரிய இடமே குளத்தைப் பார்க்க வந்தது. சொந்த நிலத்தைக் குளமாக்கிக் கொடுத்த முதல் குடும்பமாம். போட்டோ எடுத்தார்கள். லோகநாதன் வெள்ளைச் சட்டையில் ஒரு பூவரசங்கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீலப் பலகை நட்டார்கள். இது அரசால் பதிவு செய்யப்பட்ட நீர்நிலை, இதை மூடுவதும் கழிவு கொட்டுவதும் தண்டனைக்குரிய குற்றம் என்று மேலே. குளம் அமைய ஒத்துழைத்தவர் திரு. லோகநாதன் என்று கீழே. அதை அவனே கேட்டுப் போடச் சொன்னான். என் வாழ்க்கையில் நான் மனதாரக் கை தட்டிய ஒரே அரசு விழா அதுதான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து, இறந்தவர் பேரில் தண்ணீர் ஏற்பாடு செய்வது நின்று நிலைக்கிற தர்மம், பெரிய நன்மை என்று வாழ்த்தினார். பாயம்மா தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார்.

"அந்த நன்ம எனக்கு வராது ஹஜ்ரத். என் நிய்யத்து வேற. அல்லாவுக்குத் தெரியும்."

நிய்யத்து என்றால் ஒரு காரியத்தைச் செய்யும்போது மனதில் வைக்கிற எண்ணம். கொடுத்த டீயை ஆற விட்டுவிட்டு ஹஜ்ரத் கிளம்பினார்.

அடுத்த வாரமே லோகநாதன் குழிக்கு விலை பேச ஆள் அனுப்பினான். பாயம்மா கதவைத் திறக்கவில்லை. சரி, வழக்கமான வைத்தியம் என்று ஒரு விடியற்காலையில் டிராக்டர் நிறைய இடிபாட்டைக் கொண்டுவந்து கரையில் சரித்தார்கள். பாயம்மா எனக்குப் போன் போட்டார். நான் தண்டபாணிக்குப் போட்டேன். பயந்த மனிதர்தான், ஆனால் பெரிய அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்ட இடத்தில் குப்பை விழுந்தால் தன் வேலை போகும் என்கிற பயம் லோகநாதன் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. டிராக்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீர்நிலையை மூட முயன்றதாக வழக்கு. லோகநாதன் ஆபீசில் போய்க் குதித்தான். அனுமதியைக் கேன்சல் செய் என்றான். அந்தப் பழைய கிளார்க் பொறுமையாகச் சொன்னாராம், நீங்களே ஒத்துழைத்ததாகப் பலகையில் பேர் இருக்கிறதே சார் என்று. அந்தக் கிளார்க்குக்கு நான் இன்றைக்கும் ஜெராக்ஸுக்குக் காசு வாங்குவதில்லை.

குழி எப்படியும் தன் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவன் அதற்குள் ஒரு பெரிய கப்பல் ஏஜெண்டிடம் நாற்பதடி டிரெய்லர் வரும் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தான். முதல் வண்டி வந்த அன்று நான் கடையைச் சாத்திவிட்டு மாத்தூருக்கே போய்விட்டேன். விட்டால் திரும்பக் கிடைக்காத காட்சி. டிரெய்லர் முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. பின்சக்கரம் குளத்துக் கரையை ஒட்டிய சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. தெருவே மொட்டைமாடிகளில் ஏறிக்கொண்டது. சந்தூக்கு சாய்ந்ததைப் பார்த்த அதே ஜனம். காலித் ஐடி கார்டு ஆட ஆட அங்குமிங்கும் ஓடினான்.

லோகநாதன் பாயம்மா வாசலுக்கு வந்தான். முதல்முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"பாயம்மா, கரைமேல ரெண்டு இரும்புத் தகடு போட்டுக்கறேன். ஒரே ஒரு வண்டி. வண்டிய வெளிய எடுத்ததும் தகட்டத் தூக்கிடறேன்."

"உள்ள தண்ணி கீது நைனா. கவர்மெண்டு தண்ணி. வெளியாளு வரக் கூடாது."

அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். கிரேன் வந்து டிரெய்லரைத் தூக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஏஜெண்ட் அந்த வாரமே வேறு யார்டு பார்த்துக்கொண்டான்.

அடுத்த மழைக்குள் யார்டு காலியாயிற்று. நாற்பதடி வண்டி நுழையாத யார்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்கவில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு லோகநாதன் எங்கோ போனான். இப்போது அங்கே பழைய பலகை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலித்தின் வேலையும் போயிற்று. அவன் பெண்டாட்டி சைமாவைக் கூட்டிக்கொண்டு புளியந்தோப்பில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். பாயம்மா தனியாக இருக்கிறார். குளத்தில் கொக்கு வருகிறது. ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து வந்து, பறவைகளின் தாய் என்று போட்டார்கள். பழிக்குத்தான் தோண்டினேன் என்று பாயம்மா அவர்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதைப் போடவில்லை.

ஜனங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், அப்புறம் பாயம்மா மனம் மாறினாரா, லோகநாதனை மன்னித்தாரா என்று கேட்கிறார்கள். எதற்கு மன்னிக்க வேண்டும்? கேட்டைச் சாத்தினவன் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டானா?

போன மாதம் பாயம்மா என் கடைக்கு வந்தார். அனுமதிக் காகிதத்தை மடித்து எடுத்து வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"காலித் வந்துகீறான். லோகநாதன் போயிட்டான், உன் கோவம் தீந்துடுச்சு, இனிமே கொளம் இன்னாத்துக்குன்றான். மூடிட்டு நெலத்த வித்து, புளியந்தோப்பாண்ட ஒரு ஃப்ளாட்டு வாங்கிகினு ஒண்ணா இருக்கலாமாம். மூடறதுக்கு அப்ரூவல் வாங்க முடியுமா ஃப்ளோரன்சு?"

அந்த நிபந்தனையை எழுதினவள் நான். வயதான காலத்தில் பிள்ளையோடு இருக்கக் கிடைத்த வழியை நானே அடைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன்.

"முடியாது பாயம்மா. லோகநாதன் மட்டும் இல்ல, யாராலயும் முடியாது. உங்களால முடியாது. உங்களுக்கப்புறம் காலித்தாலயும் முடியாது. அந்த நெலம் இனிமே தண்ணிதான்."

பாயம்மா அழவில்லை. புர்காவின் முன்பக்கத்தைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும். நீ அன்னிக்கு எழுதிப் படிச்சப்பவே நல்லா கேட்டுகினுதான் இருந்தேன். அவன் நம்ப மாட்டேன்றான். உன் வாயால சொல்லணும். வெளிய நிக்கறான், கூப்பிடறேன்."

"அப்ப முன்னாடியே, காலித்துக்கும் போயிடும்னு தெரிஞ்சேவா கைநாட்டு வெச்சீங்க?"

"அவங்க அப்பாவுக்குச் சாத்துன கேட்டாண்ட ஐடி கார்டு மாட்டிகினு நின்னான் இல்ல? அவனுக்கும் சேத்துத்தான் தோண்டுனேன்."

காலித் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான். நான் அனுமதியைப் பிரித்து முதல் வரியிலிருந்து படித்தேன். பாயம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. கடைசி வரி வரைக்கும் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.